நான் விழவில்லை, இழுத்துத் தள்ளினார்கள்

எனக்கு வாய் அதிகம். என் வீட்டுக்காரர் சொல்வார், ஆஸ்பத்திரியில் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களும் சொல்வார்கள். அப்படிப்பட்ட என் வாயைக் கம்பி போட்டுக் கட்டி, வாரக்கணக்கில் ஒரு வார்த்தை பேச விடாமல் வைத்தார்கள். ஆனால் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பேச வேண்டியிருந்தது அந்த நாட்களில்தான். டாக்டரிடம், போலீஸிடம், வக்கீலிடம், எல்லாருக்கும் மேலாக என் வீட்டுக்காரரிடம்.

இப்போது தாடை திறக்கிறது. கொட்டாவி வந்தால் பாதியில் கையை வைத்துத் தாங்கிக்கொள்கிறேன். மற்றபடி நன்றாக இருக்கிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடந்தால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஹெலன். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு நாரணாபுரம் போகிற வழியில். வீட்டுக்காரர் தனராஜ் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். ஒரே மகள் பிரின்சி, காலேஜில் படிக்கிறாள்.

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. பகல் டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனி வேன்கள் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிற நேரம். எனக்குப் பின்னாலும் ஒரு வேன் வந்தது. வலப்பக்கம் ஒரு பைக் ஒட்டி வரவும், அவசரம் போல என்று ஒதுங்கி வழிவிட்டேன். அடுத்த நொடி என் கழுத்தில் ஒரு கை. சிலுவை கோத்த தாலிச் சங்கிலி, நல்ல கெட்டியானது. உடனே அறுந்திருந்தால் சங்கிலியோடு போயிருக்கும். அறவில்லை. அவன் விடவும் இல்லை. சங்கிலியோடு என்னையும் சேர்த்து இழுத்தான். வண்டி ஒரு பக்கம் போனது. நான் முகவாய் தார் ரோட்டில் மோத விழுந்தேன்.

வலி உடனே தெரியவில்லை. காதுக்குள் ஏதோ உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து உட்கார்ந்து வாயை மூடப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. எத்தனையோ விபத்துக் கேஸ் பார்த்தவள் நான். தாடை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வேன் நின்றது. பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருத்தி என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் பட்டாசு மருந்துப் பொடி, வெள்ளி பூசியது போல மினுமினுத்தது.

"பேசாதீக சிஸ்டர், பேசாதீக. ரத்தம் தொண்டைக்குள்ள போயிரும். இப்படியே குப்புறச் சாஞ்சுக்கோங்க" என்று என் தலையைத் தன் துண்டால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் முத்துலட்சுமி என்பது பிறகுதான் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தக் கை விலகவில்லை.

அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் கேட்டார்: "என்ன ஆச்சு?"

வேன் டிரைவர் பால்ராஜ் முன்னால் வந்து, "ரோட்டுல கிடந்தாக சார். வண்டியிலருந்து விழுந்துட்டாக" என்றார்.

டாக்டர் அதை அப்படியே எழுதினார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கொண்டுவந்தவர் சொல்வதைத்தான் எழுதுவார்கள். ஆனால் காயத்தோடு வருகிறவரைப் பற்றி அந்த நேரத்தில் எழுதுகிற முதல் வரிதான் போலீஸுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும். நர்ஸ் என்பதால் எனக்கு அது தெரியும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், கையைக் காட்டினேன். வாயில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். "அசையாதீங்க சிஸ்டர், அசையக் கூடாது" என்றார்கள். வருஷக்கணக்காக நான் மற்றவர்களிடம் சொன்ன வார்த்தை.

முதலுதவி முடிந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். முகத்தைச் சுற்றி வந்து வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று உண்டு, அதை எடுத்தார்கள். பிறகு சி.டி. ஸ்கேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். முகவாய் நேராகத் தரையில் மோதினால் நடுவில் ஒரு உடைசல் விழும். அதோடு நிற்காது. அடி மேலே ஏறி, இரண்டு காதுக்கு முன்னாலும் இருக்கிற தாடை மூட்டையும் உடைக்கும். எனக்கு மூன்று இடமும் போயிருந்தது. முன்பல் மூன்று ரோட்டிலேயே போய்விட்டன.

"நடுவுல பிளேட் வச்சு திருகிடுவோம். மூட்டு ரெண்டும் தானா கூடணும். அதுவரைக்கும் மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேர்த்துக் கம்பியால கட்டி வைக்கணும்" என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தவர் குனிந்தார். "இது என்னம்மா கோடு?"

பின்கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் சங்கிலி அறுத்த தடம், சிவந்து கன்றிப்போய் இருந்தது. நான் கையால் இழுப்பது போலக் காட்டினேன். அவர் நர்ஸிடம் பேனாவும் பேப்பரும் வாங்கிக் கொடுத்தார். "சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள்" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, கழுத்தை அளந்து பார்த்து, காயத்தின் நீளம் அகலத்தோடு கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு ஒரு தெம்பு வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழித்தபோது எனக்கு வந்த பயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வாய் திறக்காது. மூக்கில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது. மூச்சு போகுமா? பல் இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி, உறிஞ்சி, போகிறது என்று நானே நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டில் தலைமாட்டில் சின்ன கட்டிங் பிளேயர் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு வாந்தி வந்தால் அது வெளியே வர வழி இல்லை, மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போது யார் பக்கத்தில் இருந்தாலும் யோசிக்காமல் கம்பியை வெட்டிவிட வேண்டும்.

நர்ஸ் இதைத் தனராஜுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கம்பி, எந்தப் பக்கம் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிரஸ்ஸில் நாளெல்லாம் ஸ்பேனரும் பிளேயருமாக இருக்கிற மனுஷன். அதைக் கையில் வாங்கியதும் எப்படிப் பிடிப்பது என்றே மறந்தவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இருமினால் போதும், எழுந்து பிளேயரைப் பிடித்துக்கொள்வார். இருமல் நின்றதும் கொஞ்சம் வெட்கத்தோடு திரும்ப மாட்டுவார்.

எழுதிக் காட்ட எனக்குப் பேப்பர் கொண்டுவந்தவரும் அவர்தான். மெஷினில் கலர் சரியாக உட்காரும் வரை ஓடி வீணாகிற காலண்டர் தாள்களைக் கத்தை கத்தையாகக் கொண்டுவந்தார். முன்பக்கம் முருகனும் லட்சுமியும் கலர் விலகி இரட்டையாகச் சிரிப்பார்கள். பின்பக்கம் வெள்ளை. அதில் நான் "தண்ணீர்", "ஜன்னலைத் திற", "பிரின்சி சாப்பிட்டாளா" என்று எழுதுவேன். பக்கத்துக் கட்டில் அம்மா ஒரு நாள், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்து, "வேதக்காரவுக சாமி படத்துல எழுதுதீகளே, கோவிச்சுக்காதா?" என்று கேட்டார். "பின்பக்கம்தானே" என்று எழுதிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிரின்சி வாசித்துச் சொன்னதும் வார்டே சிரித்தது. நானும் சிரிக்கப் போய் கம்பி ஈறில் குத்தியது.

சாப்பாடு முழுவதும் நீராகத்தான். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதன் வழியாக டியூபை விட்டு சிரிஞ்சால் ஊற்ற வேண்டும். பிரின்சி சோற்றையும் பருப்பையும் மிக்சியில் அடித்து, வடிகட்டி, வேட்டித் துணியில் திரும்பவும் வடிகட்டிக் கொண்டுவருவாள். ஒரு நாள் பிரியாணியை அப்படி அடித்துக் கொண்டுவந்துவிட்டாள். "வாசனையாவது இருக்கட்டும்மா" என்றாள். ஊற்றியதும் எனக்குக் கண்ணீர் வந்தது. வலி என்று நினைத்து அவள் பயந்துவிட்டாள். ருசியில் வந்த கண்ணீர் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் சிரிஞ்சை மறுபடி எடுத்தாள்.

ஆபரேஷன் செலவு அரசுக் காப்பீட்டில் போனது. ஆனால் ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன் மட்டுமா? வெளியே எழுதிக் கொடுத்த மருந்து, போக வர வண்டி, பிரின்சி தங்கிய இடம், தனராஜ் சீசனில் விட்ட சம்பளம், எல்லாம் எங்கள் கையிலிருந்துதான். என் ஆஸ்பத்திரியில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வரும்போது வாருங்கள் என்றார்கள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதற்கு அது மரியாதையான சொல். பிரின்சியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பல்லுக்குக் காப்பீடு கிடையாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் சுகந்தி எங்கள் வார்டுக்கு வந்தார். இலவச சட்ட உதவி மையத்திலிருந்து, புருஷன் அடித்துக் கை ஒடிந்த ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். போகிற போக்கில் என் கட்டிலைப் பார்த்து நின்றார்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு?"

பிரின்சி சொன்னாள். கேட்டுவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு இழப்பீடு கொடுக்குது. யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்த எனக்கே தெரியாது. "அவனைப் பிடிக்கவே இல்லையே" என்று எழுதினேன்.

"பிடிக்க வேண்டியதில்லக்கா. செஞ்சவன் யாருன்னு தெரியாட்டியும் கேக்கலாம். காயம் பட்டது நீங்கதான? அது தெரியுதுல்ல? போதும். அவன்கிட்ட இருந்து வாங்கிக் குடுக்கிற பணம் இல்ல இது. அரசு தனியா ஒதுக்கி வச்சிருக்கிற நிதி. வைத்தியம், வேலை போன நஷ்டம், இனிமே செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாத்தையும் பார்த்துக் குடுப்பாங்க. அவசரம்னா இடைக்கால நிவாரணமும் கேக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எஃப்.ஐ.ஆர். என்னன்னு போட்டிருக்கு?"

தனராஜ் பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தார். அவர் படித்தார். முகம் மாறியது.

"விபத்துன்னு இருக்கே. தானா விழுந்ததுன்னு. இப்படி இருந்தா குற்றமே நடக்கலைன்னு ஆயிடும். முதல்ல இதை மாத்தணும்."

டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போவோம் என்றேன். எழுதித்தான். வாயில் கம்பி, முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. தனராஜ் தயங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன்.

ஸ்டேஷன் ரைட்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரியிலருந்து வந்த தகவல்ல விழுந்துட்டதா இருக்கு. இப்ப வந்து சங்கிலியை அறுத்தாங்கறீங்க. ஆள் யாருன்னு தெரியாது, வண்டி நம்பர் தெரியாது. சங்கிலி போன வருத்தம் எங்களுக்குப் புரியுது. அதுக்காக கேஸையே மாத்த முடியுமா?"

நான் பையிலிருந்து தாளை எடுத்துப் பெரிதாக எழுதினேன்: "சங்கிலி போகட்டும். நான் விழவில்லை, இழுத்துத் தள்ளினார்கள். அதை எழுதுங்கள்."

அவர் வாங்கிப் படித்தார். அப்படியே திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, லட்சுமிக்கு நாலு கண்ணு?"

"கலர் தள்ளி விழுந்துருச்சு சார். வேஸ்ட் ஷீட்டு" என்றார் தனராஜ், அந்த நிலைமையிலும் தொழில் அக்கறையோடு.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். மதுரை டாக்டர் கழுத்துக் காயத்தைப் பற்றி எழுதியிருந்த சான்றிதழைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தவர் உட்கார்ந்து திரும்பப் படித்தார். "கழுத்துல இப்படிக் காயம் கீழே விழுந்தா வராது" என்று ரைட்டரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "பார்த்தவங்க யாராவது இருக்காங்களாம்மா? ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும், நான் மாத்திடறேன்" என்றார்.

ஒரு வேன் நிறையப் பேர் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே தனராஜ், டிரைவர் பால்ராஜைத் தேடிப் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுவும் பாக்கலைங்கறான். அன்னைக்கு வேன்ல அளவுக்கு மேல ஆள் ஏத்தியிருந்தானாம். வழிப்பறி கேஸ்னா வண்டியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல நிறுத்திப்புடுவாக, சீசன் நேரம்ணே, எனக்கு வேற பிழைப்பு இல்லண்ணேன்னு கையெடுத்துக் கும்பிடுதான். கம்பெனியில ஃபோர்மேனும் யாரும் ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்." தலையைக் குனிந்துகொண்டார். "விட்டுரலாம் ஹெலன். உசுரு இருக்கு. அம்புட்டுதான் நமக்கு வேணும்."

நான் எழுதினேன்: "எதை விட?"

"இந்த அலைச்சலை."

"பல்லை விட்டாச்சு. சங்கிலியை விட்டாச்சு. சம்பளத்தை விட்டாச்சு. நடந்ததையும் விட வேண்டுமா?"

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். எழுதிப் போட்ட சண்டை அது ஒன்றுதான். எழுதியதை இல்லை என்று யாரும் மறுக்க முடியாது என்பதால் அந்தச் சண்டையில் நான் சீக்கிரமே ஜெயித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தேங்காயும் பழமும் வைத்த மஞ்சள் பை. மருந்துப் பொடி இல்லாத கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது.

"சிஸ்டர், எப்படி இருக்கீக? இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். உங்களுக்காக ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன். நீங்க கும்பிட மாட்டீகன்னு தெரியும். வேண்டிக்கிட்டது நாந்தான, அதான் போனேன்."

முத்துலட்சுமியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். பிரின்சி காபி கொடுத்தாள். முத்துலட்சுமி என் வாயை அருகில் வந்து பார்த்தாள். "அம்மாடி, தையல் மிஷின்ல தச்சாப்புல கட்டியிருக்காகளே" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

நான் கேட்கத் தயங்கினேன். பேனா கையில் இருந்தும் எழுத வரவில்லை. இவளுக்கு என்னால் வேலை போனால்? அவளே தொடங்கினாள்.

"பால்ராஜ் அண்ணன் சொன்னாக. உங்க வீட்டுக்காரவுக வந்து கேட்டாகளாமே. நான் பார்த்தேன் சிஸ்டர். முன் சீட்டுல டிரைவர் பக்கத்துல இருந்தேன். பைக்குல பின்னால இருந்தவன் கையை நீட்டுதான், நீங்க சாயுதீக. விழுந்தப்புறம் அவன் திரும்பிப் பார்த்தான். வேன் லைட்டு அவன் மூஞ்சியில அடிச்சுச்சு. நல்லாப் பார்த்தேன்."

"ஃபோர்மேன்?" என்று எழுதினேன். பிரின்சி வாசித்தாள்.

"அவரு சொல்லத்தான் செய்வாரு. சீசன்ல என்னை நிப்பாட்டிட்டு ஆளுக்கு எங்க போவாரு? நான் கட்டுத வேகத்துக்குத் திரி கட்ட ஆள் வேணும்ல?" சிரித்தாள். பிறகு சிரிப்பு போய், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் ஸ்டேஷன் வாசல் மிதிச்சதே இல்ல. நீங்க கூட வருவீகள்ல?" என்றாள்.

மறுநாளே போனோம். அவள் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் எழுத வைத்தார். கடைசியில் வாசலில் நிழலாடியது. பால்ராஜ். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே உள்ளே வந்தார். "பொம்பளைப் புள்ளை வந்து சொல்லுது. நான் டிரைவரு, ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தவன், எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்ல?" என்றார். இன்ஸ்பெக்டர் வேனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரு தாள் நிறைய எழுதியிருப்பேன். வழக்கு விபத்திலிருந்து வழிப்பறியாக மாறியது. மாறிய நகலை அன்றிரவு தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன்.

கம்பியை எடுத்த நாளில் தாடை தானாகத் திறந்துவிடும் என்று நினைத்திருந்தேன். திறக்கவில்லை. துருப்பிடித்த கீல் போல விறைத்திருந்தது. டாக்டர் ஐஸ் குச்சிகளைக் கொடுத்தார். பல் வரிசைக்கு நடுவில் குச்சிகளை அடுக்கி வைத்துத் தாங்க வேண்டும். பழகியதும் ஒன்று கூட்ட வேண்டும். ஒவ்வொரு குச்சிக்கும் காதுக்குள் மின்னல் அடிக்கும். நான் அடுக்குவேன், தனராஜ் எதிரே உட்கார்ந்து தானும் வாயில் குச்சி வைத்துக்கொள்வார், எனக்குத் துணையாம். எச்சில் ஒழுக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிரின்சி போட்டோ எடுத்தாள். அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

பேச்சு மெல்லத் திரும்பியது. முன்பல் இல்லாததால் "ஸ"வும் "ச"வும் காற்றாகப் போயின. அந்தப் பேச்சோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்துக்குப் போனேன். மாவட்டத்துச் சட்ட உதவி அலுவலகம் அங்கேதான். விண்ணப்பத்தைச் சுகந்தி எழுதிக் கொடுத்திருந்தார். காயச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., மருந்துச் சீட்டுகள், சம்பளம் வராததற்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம், பல் டாக்டரின் மதிப்பீடு, எல்லாம் இணைத்திருந்தோம். இடைக்கால நிவாரணமாக ஒரு தொகை முதலில் வந்தது. மகளின் கம்மல் காதுக்குத் திரும்பியது. பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

கூண்டு, டவாலி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். ஒரு சின்ன அறை, மேசை, எதிரே நாற்காலி. விசாரித்தவர் ஒரு நீதிபதி. "உட்காருங்கம்மா, மெதுவாப் பேசுங்க, அவசரமில்லை" என்றார்.

காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஆபரேஷனுக்குக் காப்பீடு கொடுத்திருக்கே. அதுக்கு மேல என்ன தேவைப்படுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

நர்ஸ் நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்வது போலச் சொன்னேன். வாய் எவ்வளவு திறக்கிறது, கீழ் உதட்டில் உணர்ச்சி இன்னும் வரவில்லை, பல் கட்ட எத்தனை தடவை போக வேண்டும், மூட்டில் மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நோயாளி நான்தான் என்பது நடுவில் நினைவு வந்து நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொன்னேன்: "ஐயா, நான் டூட்டிக்குப் போகணும். பல் இல்லாம, உளறுற வாயோட நோயாளிகிட்ட மருந்து பேரைச் சொன்னா, அவங்க தப்பாக் கேட்டுக்குவாங்க. என்னை யாரும் வேலையைவிட்டு நிறுத்தலை. ஆனா இந்த வாயோட அந்த வேலையை நானே பார்க்க மாட்டேன். எனக்கு என் வாய் சரியாகணும். அதுக்குத்தான் கேக்கேன்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். உத்தரவு வர இழுத்தது. போலீஸ் அறிக்கை வர வேண்டும், மருத்துவக் கருத்து வர வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை. போன் செய்துகொண்டே இருந்தேன். எதிர்முனையில் ஹலோ சொல்வதற்கு முன்பே "ஹெலன் சிஸ்டர்தானே" என்று கேட்கிற அளவுக்கு ஆனது. கடைசியில் வந்தது. கேட்டது முழுவதும் இல்லை. ஆனால் பல்லுக்கும் அடுத்த சிகிச்சைக்கும் போதுமானது, போன சம்பளத்தில் பெரும்பகுதியும் அதில் இருந்தது. வங்கிக் கணக்கில் பணம் வந்த குறுஞ்செய்தியைத் தனராஜ் வாய்விட்டுப் படித்தார். எண்களை அல்ல, "வரவு" என்ற சொல்லை மட்டும்.

புதுப் பல்லோடு டூட்டிக்குப் போகத் தொடங்கி, வாழ்க்கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வேறொரு வழிப்பறியில் இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள், அடையாளம் காட்ட வர வேண்டும் என்று.

நானும் முத்துலட்சுமியும் பஸ் ஏறி விருதுநகர் சிறைக்குப் போனோம். தனித்தனியாக உட்கார வைத்தார்கள். என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஒரே மாதிரி வயதும் உடம்புமாகச் சில ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மாஜிஸ்திரேட் சொன்னார்: "இவங்கள்ல உங்க சங்கிலியை இழுத்தவர் இருந்தா, தொட்டுக் காட்டுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்று பார்த்தேன். இவர்களில் ஒருவன் என் வாயை உடைத்தவனாக இருக்கலாம். ஒருவன் என்னைக் கண்ணுக்கு நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கை துடித்தது. இவனாகத்தான் இருக்கும் என்று உள்ளே ஒரு குரல் அடித்துச் சொன்னது. ஆனால் அந்தச் சாயங்காலம் நான் பார்த்தது ஒரு கையை மட்டும்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியலைங்கய்யா" என்றேன். "பின்னாலருந்து இழுத்தாங்க. நான் முகம் பார்க்கலை."

வெளியே வந்ததும் கூட வந்த போலீஸ்காரர் சலித்துக்கொண்டார். "என்னம்மா நீங்க? இம்புட்டுக் கஷ்டப்பட்டுட்டு... ஒருத்தனைக் காட்டியிருக்கலாம்ல?"

"எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சிருச்சு சார். அதுக்கு யாரையும் காட்ட வேண்டியிருக்கலை. இப்ப மட்டும் நான் பார்க்காத மூஞ்சியைப் பார்த்தேன்னு எதுக்குச் சொல்லணும்?"

வேப்பமரத்து நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே முத்துலட்சுமி போயிருந்தாள். காத்திருக்கும்போது தாடை வலித்தது. பதற்றம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிற பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. விரல்களால் மூட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

கதவு திறந்தது. முத்துலட்சுமி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் நடை உறுதியாக இருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"கை காட்டிட்டேன் சிஸ்டர்" என்றாள். "நான் பார்த்தேன்ல."